நாற்பத்தேழாம் லாட்

நாகர்கோவில் ஆயுதப்படை மைதானத்தில்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன
கேட்பாரற்ற வண்டிகள்.
சில சக்கரங்களைக் கொடிகள் சுற்றிக்கொண்டு
தங்கள் பெயருக்கு மாற்றியிருந்தன.

முந்தின சாயங்காலமே போய்ப் பார்த்தாயிற்று.
ஸ்டார்ட் செய்யக் கூடாது. தொடலாம், மோந்து பார்க்கலாம்.
நாற்பத்தேழாம் லாட்
மோந்ததுமே சொல்லிவிட்டது:
ஐஸ். சாளை. கடலோரத்து உப்பு.
கேரியர் பக்கம்தான் அரிப்பு, எஞ்சின் பத்திரம்.
ராத்திரி கூட்டிக் கழித்து
முழங்கைக்குக் கீழே பேனாவால் எழுதினேன்
3500.
அதற்கு மேல் என் வாய் திறக்காது.

ஏலத்தில் ஜெயிக்கத் திறமை வேண்டாம்,
தூக்கிய கையை இறக்காமலிருந்தால் போதும்.
அப்படி ஜெயித்த ரெண்டு பேர்
இப்போது என் ஒர்க்‌ஷாப்பில் கூலிக்கு நிற்கிறார்கள்.

திருநெல்வேலி காயலான் கடைக்காரர்கள்
பந்தலுக்குப் பின்னால் டீ குடித்தபடியே
தங்களுக்குள் ஒரு குட்டி ஏலம் முடித்துவிட்டு வந்தார்கள்.
"அண்ணாச்சி, இன்னைக்கு நீங்க சும்மா இருங்க."
மடித்த ஐந்நூறு ஒன்று என் சட்டைப்பையைத் தேடியது.
திருப்பிக் கொடுத்தேன்.
சும்மா இருக்கக் கூலி வாங்கினால்
அப்புறம் அதுவே தொழிலாகிவிடும்.

இன்ஸ்பெக்டர் மைக்கைத் தட்டினார்.
ரெண்டாயிரம். ரெண்டாயிரத்து ஐந்நூறு.
மூவாயிரம் என்றது ஒரு வெள்ளைச் சட்டை.
மூவாயிரத்து நானூறு என்றேன்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.
வியர்வையில் என் கையிலிருந்த ஐந்து
மெல்லக் கரைந்து எட்டாகப் பார்த்தது.
மூணு.

அழகியமண்டபம் வந்து சேர்ந்தது வண்டி.
நோட்டில் எழுதினேன்:
ஏலம் 3400, வரி 612,
மினி ஆட்டோ 450,
செயின், டியூப், கார்பரேட்டர் 1260,
பெயர் மாற்ற 800.
ஆக 6522. விலை எட்டாயிரம்.
எத்தனை சோப்பு போட்டும் சாளை மட்டும் போகவில்லை.
அதை எழுதக் கட்டமில்லை.

நாலாம் நாள் பிரகாசியம்மா வந்தார்,
கடியபட்டணம், மீன் வியாபாரம்.
பத்து வண்டிக்கு நடுவே நேராகப் போய்
சீட்டைத் தட்டினார்.
"இது எனக்க வண்டியாக்கும்."

மகன் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டது.
"அபராதம் பத்தாயிரம். வண்டி நாலாயிரம் பெறுமா?
எவன் மீட்பான்? விட்டுட்டேன்."

எனக்கு என்னவோ போலிருந்தது.
நோட்டை விரித்தேன். "அசலைத் தாருங்க, போதும்."

அவர் முகம் கடுத்தது.
"ஒனக்க கூலி?"
"வேண்டாம்."
"லாபம் வைக்காம தந்தா அது வியாபாரமில்ல, கடன்.
எங்கயாவது பாத்தா நான் தலை குனியணும்.
நெத்திலிக் கூடைக்கு நான் எம்பது வைக்கேன்,
எவளும் என்னைக் கள்ளின்னு சொன்னதில்ல.
எத்தன நாள் வேலை?"
"மூணு."
நட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
"ஒரு நாளு. கொத்தனுக்கு ஆயிரத்து இருநூறு, அதப் பிடி."

ஏழாயிரத்து எழுநூற்று இருபத்திரண்டு.
ரெண்டு ரூபாய் நாணயம் வரை எண்ணி வைத்தார்.
இருநூற்றெழுபத்தெட்டு எனக்குக் குறைவு
என்று நான் மனசில் கழிக்கும்போதே
அவர் சிரித்தார்:
"ஸ்டேஷன்ல எடுத்திருந்தா பத்தாயிரம்.
இப்ப புதுச் செயினோட, எனக்கு
ரெண்டாயிரத்து இருநூத்து எழுபத்தெட்டு லாபம்.
பதினாலு மாசம் மினிபஸ்ஸுல
கண்டக்டருக்க வாயக் கேட்டது மட்டும்
கணக்குல வராது பாத்துக்க."

சேலையைச் செருகிக்கொண்டு உதைத்தார்.
ஒரு தரம்.
ரெண்டு தரம்.

மூன்றுக்கு அவசியமிருக்கவில்லை.